மேற்கு மாம்பலத்தில் ஓர் எச்செவேரியா: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் செடி என் சித்தியுடையது. 2023 ஜனவரியில் பெங்களூருவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், லால்பாக் குடியரசு தின மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மூன்று சக்குலன்ட் செடிகளை (சதைப்பற்றான இலைகளில் நீர் சேர்த்து வைப்பவை) வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மூன்றுமே ரோஜாப்பூ போல இலையடுக்கு கொண்டவை. ஒன்று எச்செவேரியா: வெளிர் நீலத்தில் சாம்பல் பூத்த இலைகள், உள்ளங்கை அகலம். பெயர்ச்சீட்டு இல்லை, பார்வைக்கு எலிகன்ஸ் வகை. இரண்டாவது கிராப்டோபெட்டலம். மூன்றாவது, கரும்பச்சையில் வெள்ளை வரி ஓடும் ஹவோர்த்தியா.

மூன்றுக்கும் ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே கை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எச்செவேரியா அழுகிக்கொண்டிருந்தது. கிராப்டோபெட்டலம் தண்டு நீண்டு தொங்கினாலும் உயிரோடு இருந்தது. ஹவோர்த்தியாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அது பொய்யில்லை. ஆனால் அதே தண்ணீர் ஜனவரியில் எதையும் அழுக வைக்கவில்லையே?

வீடும் முதல் ஆறு மாதமும்

மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி. பால்கனி வடக்கு பார்த்தது, மேலே அடுத்த மாடியின் தளம். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் தெற்கு பார்த்த கிரில். இந்த இரண்டு திசைகளும் பின்னால் முக்கியமாகின்றன.

செடி விற்றவர் சொன்னது ஒன்றே ஒன்று: வாரம் ஒரு தடவை தண்ணீர். பெங்களூருவுக்கு அது சரியான யோசனைதான். செடிகள் இருந்தது சின்ன கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில், முழுக்க முழுக்க கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில். நர்சரிக்காரர்களுக்கு அது வசதி: எடை குறைவு, லாரியில் ஏற்ற இறக்கச் சுலபம், நீரையும் நிறையப் பிடித்து வைக்கும். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கடைசிக் குணம்தான் வினை.

ஜனவரியும் பிப்ரவரியும் ஹாலில், டி.வி. பக்கத்து ஷோகேஸில் போயின. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது சித்தி இலைகளையும் ஈரத்துணியால் துடைத்தார். தூசி என்று நினைத்து அவர் துடைத்தது, செடி தானே சுரந்து பூசிக்கொள்ளும் மெழுகுப் பொடி. வெயிலைத் திருப்பியடிக்கவும் நீரை ஒட்டவிடாமல் உருட்டிவிடவும் உள்ள பூச்சு அது. முற்றிய இலையில் ஒருமுறை போனால் பழையபடி திரும்பாது. ஜூனில் நான் பார்த்தபோது வெளிவரிசை இலைகளில் துணி போன தடம் கோடுகோடாகத் தெரிந்தது.

மார்ச்சில் நடு மொட்டு விரிந்து, இலைகள் தட்டையாகக் கீழ்நோக்கி மடங்க ஆரம்பித்தன. நிறம் வெளுத்தது. வெளிச்சம் போதவில்லை என்பதற்கான தெளிவான அடையாளம். சித்திக்கும் அது புரிந்து, ஏப்ரலில் மூன்றையும் பால்கனி கிரில்லுக்கு மாற்றினார். ஒரே நாளில். ஒரு வாரத்தில் எச்செவேரியாவின் மேல் இலைகளில் பழுப்பு வட்டங்கள் வந்துவிட்டன, அதுவும் துணி பட்ட இலைகளில்தான் அதிகம்.

வடக்கு பார்த்த பால்கனியில் எப்படி வெயில் சுட்டது என்று சித்தி கேட்டார். சென்னை 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால், வடக்கு பால்கனிக்குள் காலையும் மாலையும் சாய்வெயில் நேராக நுழையும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இதற்கு நேர் எதிர்: டிசம்பரில் உச்சிப்பொழுதுக்கே சூரியன் தெற்கே 53 பாகை உயரத்தில்தான் இருக்கும், வடக்கு பால்கனிக்கு ஒரு துண்டு வெயில்கூடக் கிடைக்காது. செடிக்கு வெயில் தேவைப்படும் குளிர்மாதங்களில் இருட்டும், தாங்க முடியாத கோடையில் வெயிலும் தருகிற பால்கனி அது. வீட்டுத் தரகர் சொல்லும் திசையை விட மாதத்தோடு சேர்த்துப் பார்க்கும் திசைதான் செடிக்கு முக்கியம்.

அப்புறம் கத்திரி. மே மாதம் முழுக்கத் தினம் சாயங்காலம் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். "நமக்கே நாக்கு வறளுது, அதுக்கு மட்டும் தாகம் எடுக்காதாடா?" அதுவும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர், வீணாகக் கூடாது என்று. போர்வெல் தண்ணீரின் உப்பெல்லாம் அடர்ந்து சேரும் இடம் அந்தக் கழிவு நீர்தான். வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், தொட்டிக்கு வேண்டாம்.

ஜூன் கடைசியில் பார்த்தது

எச்செவேரியாவின் அடி இலைகள் மஞ்சளாகி, உள்ளே விளக்குப் போட்டால் தெரியும் அளவுக்குக் கண்ணாடித்தன்மை அடைந்திருந்தன. தாகத்தில் வாடும் இலை சுருங்கும், மெலியும், ஆனால் தண்டை விடாது. இது விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் பிசுபிசுப்பு. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பாதிச் செடிகள் பிழைக்கும், ஏனென்றால் இரண்டையும் தூரத்திலிருந்து பார்த்தால் ‘வாடியிருக்கு’ என்றுதான் தோன்றும். உடனே கை தண்ணீர்ச் செம்பைத் தேடும்.

மேல் கோகோபீட் காய்ந்து, உப்பு படிந்து வெள்ளையாக இருந்தது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிஷம் விட்டு எடுத்தேன். மேல் ஒரு அங்குலம் காய்ந்த நிறம், அதற்குக் கீழே கறுப்பு ஈரம், நார்த்துகள் ஒட்டிக்கொண்டு. சித்தி தொட்டுப் பார்த்து முடிவு செய்தது அந்த மேல் அங்குலத்தை வைத்துத்தான்.

தொட்டியைக் கவிழ்த்ததும் மண்கட்டி முழுசாக வந்தது. வாடையே சொல்லிவிட்டது. பழுப்பு வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று வந்து, நடு நார் மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் அப்படிக் கழலாது, அறுந்துதான் வரும்.

இலைக் கக்கங்களில் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. கிரில் வழியாகத் துளசித் தொட்டியிலிருந்து எறும்பு வரிசை ஒன்று வந்துகொண்டிருந்தது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், இடம் மாற்றியும் விடும். எறும்பு ஏறுகிற சக்குலன்டில் மாவுப்பூச்சியைத் தேடாமல் இருக்கக் கூடாது. ஆனால் இங்கே பூச்சி இரண்டாம்பட்சம். செடியைச் சாய்த்தது வேர்.

பக்கத்திலேயே இருந்த கிராப்டோபெட்டலத்தின் வேரும் கொஞ்சம் பழுப்பாகியிருந்தது. ஆனால் தண்டு கெட்டி. ஹவோர்த்தியாவின் தடித்த வேர்கள் வெள்ளையாகவே இருந்தன.

இரவுச் சூடு

சக்குலன்டைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசுகிறோம். இந்தச் செடி விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி இரவைப் பற்றியது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்கும். எச்செவேரியாவின் குடும்பமான கிராசுலேசி பகலில் மூடிக்கொண்டு இரவில் திறக்கும், நீர் ஆவியாகி வீணாகாமல் இருக்க. இரவில் உறிஞ்சிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவழித்து உணவாக்கும். அதனால் இலை விடியற்காலையில் புளிக்கும், மத்தியானம் புளிக்காது. இதை நாக்கில் வைத்தே கண்டுபிடித்து எழுதியவர் பெஞ்சமின் ஹேய்ன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, சித்தி மலர்க் கண்காட்சி பார்த்த அதே லால்பாக் தோட்டத்தைச் சில காலம் பார்த்துக்கொண்டவர். அவர் சுவைத்தது நம் ரணகள்ளி இலை, எச்செவேரியாவுக்குப் பங்காளி. லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1815-இல் வெளியிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹேய்ன் இறந்ததும் சென்னையில்தான். ரணகள்ளி இலையைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடுகிறதா என்று பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல.

இந்த ஏற்பாடு ஓட இரவு குளிர வேண்டும். இரவு சூடாக இருந்தால் துளைகள் சரியாகத் திறக்காது, அமிலச் சேமிப்பு குறையும், சேர்த்த கொஞ்சத்தையும் சுவாசமே தின்றுவிடும். வேலை நடக்காத செடி தண்ணீரை இழுக்காது. ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். வேருக்குக் காற்று போகாது. 28 டிகிரி வெதுவெதுப்பில் அழுகல் பூஞ்சைகளுக்கோ கொண்டாட்டம்.

எலிகன்ஸ் வகையின் பூர்வீகம் மெக்சிகோவின் ஹிடால்கோ மாநில மலைகள். அதன் தலைநகர் பச்சுகா ஏறக்குறைய 2400 மீட்டர் உயரத்தில், நம் ஊட்டியை விடச் சற்று மேலே. அங்கே கோடையில்தான் மழை, ஆனால் மலையின் உயரத்தால் இரவு எப்போதும் குளிர். பெங்களூரு 900 சொச்சம் மீட்டர். மே மாதத்திலும் இரவு 21, 22-க்கு வரும். மாம்பலத்தில் மே, ஜூன் இரவுகள் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் இன்னும் மேலே. கடலோரக் காற்றின் ஈரம் வேறு.

இப்போது ஜனவரிக் கேள்விக்கு வருவோம். ஜனவரியில் சென்னை இரவு 21 டிகிரி அளவில் இருக்கும். அப்போது ஊற்றிய தண்ணீரைச் செடி குடித்தது. மே மாதத்தில் ஏழு டிகிரி கூடியதும் குடிப்பதைக் குறைத்துக்கொண்டது, அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் தண்ணீர் கூடியது. சித்தியின் இரக்கமும் செடியின் ஓய்வும் எதிரெதிரே மோதிக்கொண்டன. ஹவோர்த்தியா நிழலையும் வெக்கையையும் பொறுக்கும் தென்னாப்பிரிக்கச் செடி. கிராப்டோபெட்டலமும் மெக்சிகோதான் என்றாலும் வெக்கையில் எச்செவேரியாவை விடக் கெட்டிக்காரன்.

செய்தது

வேரைக் காப்பாற்ற முயலவில்லை, தலையை மட்டும் வெட்டி எடுத்தோம். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அடித்தண்டில் ஒரு வெட்டு. நடுவில் பழுப்பு வளையம். மறுபடி துடைத்து, அரை சென்டிமீட்டர் மேலே இன்னொரு வெட்டு. வளையம் சின்னப் புள்ளியானது. இன்னும் ஒரு வெட்டு. மூன்றாவதில்தான் முழுக்க வெளிர்பச்சையாக, சுத்தமாக வந்தது. புள்ளி இருக்கும்போதே ‘போதும், தலை சின்னதாகிவிடும்’ என்று நிறுத்துபவர்கள் நிறைய. அந்தப் புள்ளி பத்து நாளில் மேலே ஏறி மொட்டையும் தின்றுவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியைத் துடைப்பதும் விடக் கூடாதது, இல்லாவிட்டால் நோயை நாமே மேலே பூசுகிறோம்.

சித்தி மஞ்சள்தூள் வைக்கச் சொன்னார். வைத்தோம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வேலை செய்தது உலர விட்டதுதான்: தலையை ஒரு காலி டம்ளரின் வாயில் உட்கார வைத்து, வெட்டு எதிலும் படாமல், ஃபேன் காற்று மெல்ல வரும் இடத்தில் வைத்தோம். வெட்டுவாய் தோல் கட்டிக் கெட்டியாக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வறண்ட ஊரில் மூன்று நான்கு நாள் போதும். நம் ஊர் ஈரத்துக்கு அவசரப்படக் கூடாது.

மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இயர்பட்ஸில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தோம். ஒரு வாரம் விட்டு மறுபடியும், ஏனென்றால் முட்டைகள் தப்பிவிடும். வேப்பெண்ணெய் தெளிக்கவில்லை. மற்ற செடிகளுக்கு நான் முதலில் சொல்வது அதுதான், ஆனால் எண்ணெய் இந்த மெழுகுப் பொடியைக் கரைத்துவிடும், மேலே வெயில் பட்டால் இலை வெந்துபோகும்.

மண்ணுக்குப் பக்கத்துத் தெருவில் இடித்துக்கொண்டிருந்த பழைய வீட்டின் செங்கல் கிடைத்தது. சுத்தியலால் உடைத்து, சல்லடையில் தூளை விலக்கி, கொத்தமல்லி விதை அளவிலிருந்து பட்டாணி அளவு வரையுள்ள ஜல்லியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, கோகோபீட்டும் மண்புழு உரமும் சேர்ந்து ஒரு பங்கு. மணலைக் கழுவுவது முக்கியம், எம்-சாண்டாக (கல்லை உடைத்துச் செய்த மணல்) இருந்தால் இன்னும் முக்கியம். அதன் மாவு அடியில் இறங்கி இறுகிவிடும். கடையில் பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்துச் செய்த வெள்ளைத் துகள்) கிடைக்கும், நல்லதுதான், ஆனால் மேலே மிதந்து பறந்துபோகும். பழஞ்செங்கல் தன் துளைகளில் கொஞ்சம் நீரையும் பிடித்து, இடுக்குகளில் காற்றையும் விடும். ஊற்றினால் சில நொடிகளில் அடியில் ஒழுக வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. நான்கு அங்குல மண் தொட்டி. அடித்தட்டை எடுத்துவிட்டோம், கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி ஊழியருக்கும் சந்தோஷம்.

உதிர்ந்த இலைகளில் கெட்டியாக இருந்தவற்றை ஒரு தட்டில் காய்ந்த மணல் மேல் பரப்பினோம். பெரும்பாலானவை சுருங்கிப்போயின. சில வேர் விட்டு, குட்டி விடாமல் நின்றன. அடிக்கண் உடையாமல் முழுசாகக் கழன்ற இலைகளே குட்டி போட்டன; பாதியில் கிள்ளியதில் ஒன்றும் வரவில்லை. குட்டி முளைக்கும் திசுவே அந்த அடிநுனியில்தான் இருக்கிறது.

தலை ஆகஸ்டில்தான் இளஞ்சிவப்பு வேர் விட்டது. அதுவரை தண்ணீரே இல்லை. "இப்படிப் பட்டினி போட்டா செத்துடும்டா" என்று சித்தி போனில் வாரம் தவறாமல் சொன்னார். அடியில் சில இலைகள் காய்ந்தன. செடி அவற்றின் நீரை எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது, அழுகல் இல்லை.

ஈரமும் குளிரும் சேர்ந்து வரும் மாதங்கள்

சென்னையில் இந்தச் செடிக்கு ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. வருஷ மழை சுமார் 1400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டும். அதே மாதங்களில்தான் இரவு குளிர ஆரம்பிக்கிறது. செடி விழித்துக்கொண்டு குடிக்கத் தயாராகும்போது வானம் அளவில்லாமல் ஊற்றுகிறது. அக்டோபர் பாதியில் தொட்டியைத் தெற்கு கிரில்லுக்கு மாற்றி, மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சாய்த்துக் கட்டினோம். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது அது போதவில்லை. சாரல் பக்கவாட்டில் அடித்தது. கரண்ட் இல்லாத ஹாலில் சில நாள் இருட்டில் கிடந்தது. தொட்டி காய்ந்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஈரமான கோகோபீட்டோடு அதே இருட்டில் கிடந்திருந்தால் போயிருக்கும்.

2024 ஜனவரி, பிப்ரவரியில் செடி செடியாக இருந்தது. இலைகள் மேல்நோக்கிக் கூம்பின, நுனியில் லேசான சிவப்பு, புதிய இலைகளில் முழுப் பொடி, யாரும் துணி போடாமல். மண் அடிவரை காய்ந்தபின் நன்றாக ஊற்றி, முழுக்க வடியவிட்டோம். தண்ணீருக்கு ஏ.சி. குழாயில் சொட்டுவதைப் பிடித்து வைத்தது உதவியது. அதில் உப்பு கிடையாது.

கோடைக்கு சித்தியிடம் சொன்ன விதி ஒன்றுதான்: கிழமையைப் பார்க்காதே, காலையில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார். 25-க்குக் கீழே என்றால் மண் காய்ந்ததும் தாராளமாக ஊற்றலாம். 27-ஐத் தாண்டினால் தொட்டி ஓரமாகக் கால் டம்ளர், அதுவும் அடி இலை தொட்டால் தொய்வாக இருந்தால் மட்டும், விடியற்காலையில். இடைப்பட்ட நாளில் தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கை சொல்வதைக் கேட்கலாம். இந்த எண்கள் எந்தப் புத்தகத்திலும் உள்ளவை அல்ல. இந்த வீட்டில், இந்தத் தொட்டியில் பார்த்து வைத்தவை. ஏப்ரலிலிருந்து வடக்கு பால்கனியில் 50 சதவீத பச்சை நிழல்வலைக்குப் பின்னால் வைத்து, எறும்பு ஏறாமல் இருக்கச் சுவரிலிருந்தும் துளசித் தொட்டியிலிருந்தும் தள்ளி வைத்தோம். சித்தி தொலைக்காட்சிச் செய்தியில் பகல் வெப்பநிலை வரும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு இரவு எண்ணுக்காகக் காத்திருக்கிறாராம். என் சித்தப்பாவின் புகார் இது.

இரண்டாவது கத்திரியைச் செடி தாண்டியது. அழகாக அல்ல. ஓரிரண்டு வரிசை இலைகளைக் காய விட்டது, வளர்ச்சி நின்றது, நிறம் மங்கியது. ஆனால் தண்டு கெட்டியாக இருந்தது, உதிர்ந்தவை எல்லாம் காகிதமாகக் காய்ந்தே உதிர்ந்தன.

இங்கே மண்ணையும் தண்ணீரையும் இடத்தையும் ஒரே சமயத்தில் மாற்றியிருக்கிறோம். எது காப்பாற்றியது என்று கேட்டால் இந்த ஒரு செடியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்துச் சாட்சி ஒன்று உண்டு. இலையில் முளைத்த குட்டிகளில் ஒன்றை, அதே செங்கல் கலவையோடு, சித்தியின் மகள் பெங்களூருவுக்கு எடுத்துப் போனாள். 2024 ஏப்ரலில் அங்கேயும் பகல் 38 டிகிரியைத் தொட்டது, மழையே இல்லை. இரவு மட்டும் நமக்கு நான்கைந்து டிகிரி கீழே. அவள் வாரம் ஒரு தடவை ஊற்றினாள், விற்றவர் சொன்னபடியே. அந்தக் குட்டி கோடை முழுக்க நிற்காமல் வளர்ந்து, இங்கே தங்கிய உடன்பிறப்பைப் போல இரண்டு மடங்காகிவிட்டது.

யாராவது என்னிடம் கேட்டால், சென்னையில் முதல் சக்குலன்டாக எச்செவேரியாவை வாங்க வேண்டாம் என்பேன். ஹாலுக்குள் ஜன்னலோரம் என்றால் ஹவோர்த்தியா. பால்கனியில் அதே ரோஜா வடிவம் வேண்டுமென்றால் கிராப்டோபெட்டலம், அல்லது அதற்கும் எச்செவேரியாவுக்கும் பிறந்த கலப்பினங்கள். செம்பர்விவம் என்று இன்னொன்றைப் படம் காட்டி விற்பார்கள். உறைபனி தாங்கும் மலைச்செடி அது, இங்கே பணம் தண்டம். எச்செவேரியாதான் வேண்டும் என்றால் நவம்பர் கடைசியில் வாங்குங்கள், ஏப்ரலுக்குள் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். வந்த அன்றே கோகோபீட்டை உதறிவிட்டு மண் மாற்றுங்கள்.

சித்திக்கு இந்தப் பட்டியலில் உடன்பாடு இல்லை. கிராப்டோபெட்டலம் "சும்மா விட்டாலே வளருது, அதுல என்ன இருக்கு" என்கிறார். இந்த நவம்பருக்கு இன்னும் இரண்டு எச்செவேரியா கொண்டுவர மகளிடம் சொல்லியிருக்கிறார்; செங்கல் உடைக்க என்னிடம்.